ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர் பணிநீக்கம் (1955): சிங்கப்பூர்த் தொழிலாளர் உரிமை வரலாற்றில் அதன் இடம்

முன்னுரை

சிங்கப்பூரின் அரசியல் வரலாற்றைக் கூறும் நூல்களில் 1955ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் தவறாது இடம்பெறுகிறது. 'கறுப்பு வியாழன்' என்று குறிக்கப்பெறும் அந்நாளில் அலெக்சாண்டிரா சாலை, தியோங் பாரு ஆகிய வட்டாரங்களில் மூண்ட கலவரத்தில் நால்வர் உயிரிழந்தனர். 31 பேர் காயமுற்றனர். பள்ளி மாணவர்கள் 'ஹாக் லீ' என்ற பெயரை அறிந்திருப்பது இக்கலவரத்தின் வாயிலாகவே. ஆனால், கலவரத்துக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர் அதே பேருந்து நிறுவனம் 229 தொழிலாளர்களை ஒருசேர வேலையிலிருந்து நீக்கியது என்னும் செய்தி பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது.

அவ்வொற்றை வரியை விரித்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பணிநீக்கம் எழுப்பிய வினா எளியது: ஒரு முதலாளி தம் தொழிலாளர்களைக் கூட்டமாக வேலையிலிருந்து நீக்கும்போது அதற்காக யாருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்? 1955இல் சட்டத்திடம் இதற்குத் தெளிவான விடை இல்லை. அதன்பின் வந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் சிங்கப்பூர் இவ்வினாவுக்குப் பல்வேறு விடைகளைக் கண்டது. அவ்விடைகளைக் கால வரிசையில் தொடர்ந்து சென்றால், ஹாக் லீ நிகழ்வு ஒரு கலவரத்தின் கதை என்பதைவிட ஓர் உரிமையின் கதை என்பது புலனாகும்.

பேருந்துத் தொழிலின் பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரின் பொதுப் போக்குவரத்து இரு கூறாகப் பிரிந்திருந்தது. நகரின் மையப்பகுதியில் பிரிட்டிஷாருக்கு உரிமையான சிங்கப்பூர் டிராக்‌ஷன் நிறுவனம் மின்கம்பிப் பேருந்துகளையும் பின்னர் மோட்டார்ப் பேருந்துகளையும் இயக்கியது. 1925இல் தோன்றிய அந்நிறுவனம் அமைப்பு முறையிலும் ஆட்சேர்ப்பிலும் ஐரோப்பிய நிறுவனங்களைப் போன்றது. நகருக்கு வெளியேயுள்ள பகுதிகளுக்கோ, 'கொசுப் பேருந்து' எனப்பட்ட ஏழு இருக்கைச் சிறு வண்டிகளே சென்றன. 1930களில் அரசு விதித்த கட்டுப்பாடுகளால் இச்சிறு வண்டிகளின் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து நிறுவனங்களை அமைத்தனர். சீனர்களுக்கு உரிமையான பேருந்து நிறுவனங்கள் இவ்வாறே தோன்றின. அவை காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைந்தும் வளர்ந்தன. ஹாக் லீ கூட்டுப் பேருந்து நிறுவனமும் அத்தகைய இணைப்பின் விளைவேயாகும்.

இந்நிறுவனங்களில் உறவுமுறையும் வட்டார வழக்குப் பிணைப்பும் ஆட்சேர்ப்பில் செல்வாக்குப் பெற்றிருந்தன. ஓட்டுநரும் நடத்துநரும் நீண்ட நேரம் உழைத்தனர், ஊதியமோ குறைவு. வேலை நேரப் பட்டியலைத் தயாரிப்பவர் கையிலேயே ஒருவருடைய வருமானம் அடங்கியிருந்தது. எந்த வழித்தடம், எத்தனை மணி நேரம், எந்த நாளில் ஓய்வு என்பனவெல்லாம் அப்பட்டியலில்தான் தீர்மானிக்கப்பட்டன. ஆகவே, பட்டியலில் ஒருவர் பெயர் விடுபடுவது தண்டனைக்கு ஒப்பானது. ஹாக் லீ தகராற்றில் இப்பட்டியலும் ஒரு காரணமாக அமைந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இரு சங்கங்களும் 229 தொழிலாளர்களும்

1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாக் லீ தொழிலாளர்களில் பலர் சிங்கப்பூர்ப் பேருந்துத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தனர். ஃபோங் சுவீ சுவான் அச்சங்கத்தின் செயலாளர். பின்னாளில் சிங்கப்பூரின் பிரதமரான லீ குவான் யூ அன்று வழக்கறிஞராகப் பல சங்கங்களுக்குச் சட்ட ஆலோசகராக விளங்கினார். பேருந்துத் தொழிலாளர் சங்கமும் அவற்றுள் ஒன்று. இச்சங்கத்தின் வளர்ச்சியை விரும்பாத நிறுவனம், தனக்கு இணக்கமான மற்றொரு சங்கத்துக்கு ஆதரவளித்தது. ஹாக் லீ ஊழியர் சங்கம் எனப்பட்ட அவ்வமைப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் பெருமளவில் இடம்பெற்றனர். ஒரே பணிமனையில் இரண்டு சங்கங்கள்; ஒன்று தொழிலாளர் தேர்ந்தது, மற்றொன்று நிர்வாகம் வளர்த்தது.

வேலை நேரப் பட்டியலில் எச்சங்கத்தாருக்கு முன்னுரிமை என்பதில் எழுந்த பூசல் ஏப்ரல் மாத இறுதியில் முற்றியது. ஏப்ரல் 23, 24 ஆகிய நாள்களை ஒட்டி, பேருந்துத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த 229 பேரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டவர்கள் அலெக்சாண்டிரா சாலைப் பணிமனையின் வாயிலில் அமர்ந்து பேருந்துகள் வெளியேறாதவாறு மறியல் செய்தனர். சீன நடுநிலைப் பள்ளிகளின் மாணவர்கள் உணவும் நன்கொடையும் கொண்டுவந்து, பாடியும் ஆடியும் அவர்களுக்கு ஊக்கமளித்தனர்.

இங்கு ஒரு சொல் விளக்கம் இன்றியமையாதது. தமிழில் 'பணிநீக்கம்', 'ஆட்குறைப்பு' ஆகிய இரு சொற்களையும் நாம் பல வேளைகளில் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கையாளுகிறோம். சட்டத்தின் நோக்கில் இவை வேறானவை. தொழிலாளியின் நடத்தையைக் காரணமாகக் காட்டி வேலையிலிருந்து அகற்றுவது பணிநீக்கம். வேலையே இல்லாமற்போனதாலோ நிறுவனம் சீரமைக்கப்பட்டதாலோ ஆள்களைக் குறைப்பது ஆட்குறைப்பு. ஹாக் லீயில் வேலை குறைந்துவிடவில்லை. ஓட்டவேண்டிய பேருந்துகளும் ஏறக் காத்திருந்த பயணிகளும் அப்படியே இருந்தனர். வேலை நிலைத்திருக்க, அதைச் செய்தவர்கள் மட்டும் அவர்கள் தேர்ந்த சங்கத்தை ஒட்டி மொத்தமாக அகற்றப்பட்டனர். எனவே அது தெளிவாகப் பணிநீக்கமே; ஒருவரை அல்லாமல் ஒரு கூட்டத்தைக் குறிவைத்த பணிநீக்கம்.

அன்றைய சட்டத்தின் போதாமை

நீக்கப்பட்ட 229 பேரும் அன்று ஏன் நீதிமன்றத்தை நாடவில்லை என்ற வினா இன்றைய வாசகருக்கு எழக்கூடும். அதற்கான விடை காலனித்துவச் சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. 1940ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் சங்கங்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. ஆனால், பதிவு பெற்ற சங்கத்தை முதலாளி ஏற்றுப் பேச வேண்டும் என அது கட்டாயப்படுத்தவில்லை. மறுபுறம், ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபின்படி வேலை என்பது இருவருக்கிடையிலான ஓர் ஒப்பந்தம். உரிய முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தந்து அதை முடித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டவர் வழக்கில் வென்றாலும் பொதுவாக அந்த முன்னறிவிப்புக் காலத்துக்கான தொகையையே பெறுவார். மீண்டும் வேலையில் அமர்த்துமாறு நீதிமன்றம் ஆணையிடாது.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1949இலேயே தனது 98ஆம் உடன்படிக்கையில், சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதிலிருந்து தொழிலாளருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வகுத்திருந்தது. முதலாளிகளின் ஆதிக்கத்துக்கு உட்பட்ட சங்கங்களை வளர்ப்பதையும் அவ்வுடன்படிக்கை தலையீடு எனக் கருதியது. ஹாக் லீயில் நடந்தவை இவ்விரண்டையும் நேரடியாகத் தொடுவன. ஆயினும் உடன்படிக்கையின் கருத்து, அலெக்சாண்டிரா சாலைத் தொழிலாளி எடுத்துச் செல்லக்கூடிய ஒரு மனுவாகவோ, அம்மனுவைக் கேட்கும் ஒரு மன்றமாகவோ அன்று உருப்பெறவில்லை. மறியல் நடந்த பணிமனை வாயிலே அவர்களுக்கு எஞ்சியிருந்த மன்றமாயிற்று.

கலவரமும் தீர்வும்

இத்தகராறு நிகழ்ந்த காலச்சூழலும் கருதத்தக்கது. ரெண்டல் அரசியலமைப்பின் கீழ் 1955 ஏப்ரல் 2ஆம் நாள் நடந்த தேர்தலில், 25 தொகுதிகளில் பத்தை வென்ற தொழிலாளர் முன்னணியின் தலைவர் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். மக்கள் செயல் கட்சி மூன்று தொகுதிகளில் வென்றது. அவற்றுள் ஒன்றில் வென்றவர் தொழிற்சங்கத் தலைவர் லிம் சின் சியோங். மார்ஷலின் அரசு பொறுப்பேற்று ஒரு மாதம் முடிவதற்குள் இந்நெருக்கடி வந்து சேர்ந்தது. 1948 முதல் நடைமுறையிலிருந்த அவசரகால விதிகளைத் தளர்த்த விரும்பிய அரசுக்கு இது கடுஞ்சோதனையாயிற்று.

மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் காவலர்கள் மறியல் வரிசைகளைக் கலைத்தனர்; நீரைப் பீய்ச்சியும் கூட்டத்தைக் கலைக்க முயன்றனர். 12ஆம் நாள் மாணவர்களும் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அன்றிரவு மூண்ட வன்முறையில் காவல்துறையைச் சேர்ந்த இருவரும், அமெரிக்கச் செய்தியாளர் ஜீன் சைமண்ட்ஸும், மாணவர் ஒருவரும் உயிரிழந்தனர். இவ்வுயிரிழப்புகளை எவ்விளக்கத்தாலும் சிறுமைப்படுத்த இயலாது.

மே 14ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. நீக்கப்பட்டவர்கள் மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். எஞ்சிய பூசல்களைத் தீர்க்கும் பொறுப்பு, அன்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த சார்ல்ஸ் கம்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய நடுவர் முடிவு பெரும்பாலும் பேருந்துத் தொழிலாளர் சங்கத்துக்குச் சாதகமாக அமைந்தது. மலாயாவில் தொழிற்சங்கங்களின் தோற்றத்தை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. இத்துறையில் இன்றும் நாம் நாடும் நூல்களுள் அதுவும் ஒன்று.

இந்நிகழ்வை ஆராய்ந்தோர் இரு வகையாக விளக்கம் தருகின்றனர். பொதுவுடைமை இயக்கம் தொழிலாளர் குறைகளைத் தன் அரசியல் நோக்கத்துக்குக் கருவியாக்கியது என்பது ஒரு சாராரின் கருத்து. காலனித்துவ ஆட்சிக்கும் சுரண்டலுக்கும் எதிரான தொழிலாளரின் இயல்பான எழுச்சி என்பது மற்றொரு சாராரின் கருத்து. 1955இல் சிங்கப்பூரில் ஏறத்தாழ 275 வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மனித நாள்கள் இழக்கப்பட்டன. இத்தகைய அலையில் அரசியலும் இருந்தது, வயிற்றுப்பாடும் இருந்தது. ஆனால் இரு விளக்கங்களுமே, 'தூண்டியவர் யார்' என்பதில் கருத்தைச் செலுத்தி, 'தூண்டப்படுவதற்கு அங்கிருந்த காரணம் எது' என்பதைச் சற்றே ஒதுக்கிவிடுகின்றன. 229 பேரும் தங்கள் வழக்கை எடுத்துச் செல்ல ஒரு மன்றம் இருந்திருக்குமாயின் நிகழ்வுகள் எவ்வாறு சென்றிருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. எனினும், அத்தகைய மன்றம் தேவை என்பதைப் பின்வந்த அரசுகள் உணர்ந்தன என்பதற்குச் சட்டங்களே சான்று.

இருவகைச் சட்டங்கள்

1955ஆம் ஆண்டின் தொழிற்பூசல்களுக்குப் பின் சிங்கப்பூர்ச் சட்டம் இரு திசைகளில் வளர்ந்தது. முதலாவது, வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம். 1955 அக்டோபரில் மார்ஷலின் அரசு, அவசரகால விதிகளின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் குற்றவியல் தற்காலிக விதிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வது அதன்படி குற்றமாயிற்று. 'தற்காலிக' என்னும் அடைமொழியுடன் பிறந்த அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு இன்றளவும் நடைமுறையில் உள்ளது. 2024இலும் நாடாளுமன்றம் அதை மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தது.

இரண்டாவது, பணிநீக்கத்தையும் தொழிற்பூசலையும் நடுவரிடம் கொண்டுசெல்லும் சட்டம். 1959இல் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூரில் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சி 1960இல் தொழிலுறவுச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ்த் தொழில்துறை நடுவர் நீதிமன்றம் நிறுவப்பெற்றது. சங்கத்தில் உறுப்பினராக இருப்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதை அச்சட்டம் தடை செய்தது. அந்நீதிமன்றத்தின் முதல் தலைவராக அமர்ந்தவர், ஐந்தாண்டுகளுக்கு முன் ஹாக் லீ பூசலைத் தீர்த்துவைத்த அதே சார்ல்ஸ் கம்பா. பணிமனை வாயிலில் கேட்கப்பட்ட வினா, அவர் வழியாகவே ஒரு நீதிமன்ற மண்டபத்தை அடைந்தது எனலாம்.

1968: உரிமையின் எல்லை

1968 சனவரியில், 1971 இறுதிக்குள் தன் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. கடற்படைத் தளத்திலும் பிற இராணுவத் தளங்களிலும் பணியாற்றிய ஆயிரக்கணக்கானோரின் வேலை கேள்விக்குறியானது. செம்பவாங் வட்டாரத்தில் வாழ்ந்த தமிழர், மலையாளிக் குடும்பங்கள் பலவும் இவர்களுள் அடங்கும். வெளிநாட்டு முதலீட்டை ஈர்த்துப் புதிய வேலைகளைப் பெருக்குவதையே அரசு முதன்மை நோக்கமாகக் கொண்டது. அவ்வாண்டிலேயே வேலைநியமனச் சட்டமும் தொழிலுறவுத் திருத்தச் சட்டமும் நிறைவேறின.

திருத்தச் சட்டத்தின்படி ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு, பணியிட மாற்றம், வேலைப் பகிர்வு, பணிநீக்கம், ஆட்குறைப்பு ஆகியவை கூட்டுப் பேரத்துக்கு அப்பாற்பட்டனவாய், நிர்வாகத்தின் தனியுரிமையாயின. நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தனியொருவர் அமைச்சரிடம் முறையிடலாம். ஆனால் நீக்கமோ ஆட்குறைப்போ கூடாதென்று சங்கம் பேரம் பேச இயலாது. ஹாக் லீயில் பூசலை விளைத்தவற்றில் இரண்டை நாம் நினைவுகூர்வோம்: வேலைப் பகிர்வுப் பட்டியல், கூட்டப் பணிநீக்கம். இவ்விரண்டுமே 1968இல் பேச்சுவார்த்தை மேசையிலிருந்து அகற்றப்பட்டன.

அண்டை நாடான மலேசியா வேறு வழியில் சென்றது. அங்கு 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் நீக்கப்பட்டவர் மீண்டும் வேலை கோர வழிவகுத்தது. 1980ஆம் ஆண்டின் விதிமுறைகள், ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்குப் பணிக்காலத்துக்கு ஏற்ப ஆண்டொன்றுக்குப் பத்து, பதினைந்து, இருபது நாள் ஊதியம் எனக் குறைந்தபட்ச இழப்பீட்டை வரையறுத்தன. சிங்கப்பூரில் அத்தகைய சட்டக் கட்டாயம் இல்லை. மூன்றாண்டு பணியாற்றியவரே இழப்பீடு கோரலாம் என்றிருந்த விதி 2015இல் ஈராண்டாகக் குறைக்கப்பட்டது. ஆனால் தொகை ஒப்பந்தத்தையும் பேச்சையும் பொறுத்தது. ஆண்டொன்றுக்கு இரு வாரம் முதல் ஒரு மாத ஊதியம் என்பது வழிகாட்டு மரபே அன்றிச் சட்டம் அன்று.

பேருந்துத் தொழிலில் இந்தியர்

ஹாக் லீ நிகழ்வு பெரிதும் சீனத் தொழிலாளரைச் சார்ந்தது. ஆயினும் அதை அச்சமூகத்தின் வரலாறாக மட்டும் கருதுவது பொருந்தாது. இந்தியரும் மலாய்க்காரரும் கணிசமாகப் பணியாற்றிய சிங்கப்பூர் டிராக்‌ஷன் நிறுவனத்தில் அதே 1955இன் பிற்பகுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்து 1956இல் முடிந்தது. தொழிற்சங்க இயக்கத்தின் தலைமையிலும் சி. வி. தேவன் நாயர், எஸ். வூட்ஹல், ஜேம்ஸ் புதுச்சேரி, ஜமித் சிங் போன்ற இந்திய வம்சாவளியினர் முன்னின்றனர். இவர்களுள் தேவன் நாயர் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசை வழிநடத்தி, 1968க்குப் பிந்தைய ஒத்துழைப்பு நெறிக்கு உருக்கொடுத்தார். மற்ற மூவரும் எதிரணியில் நின்று 1963ஆம் ஆண்டுக் கைதுகளை ஒட்டி அரங்கிலிருந்து விலகினர். ஒரே தலைமுறையினர், ஒரே வினாவுக்கு இருவேறு விடைகளைத் தேர்ந்தனர் என்பது இந்திய ஆய்வியல் மாணவர் மேலும் ஆராய வேண்டிய பொருளாகும்.

நிறுவனங்களும் நிலைக்கவில்லை. சிதறிக் கிடந்த பேருந்துச் சேவையை ஒரே அமைப்பாக்குமாறு 1956இல் ஹாக்கின்ஸ் ஆணையம் பரிந்துரைத்தது. அன்று அது நிறைவேறவில்லை. 1971இல் சீன நிறுவனங்கள் மூன்றாக இணைக்கப்பட்டன; ஹாக் லீ என்னும் பெயரும் மறைந்தது. அதே ஆண்டு இறுதியில் டிராக்‌ஷன் நிறுவனமும் மூடப்பட்டது. 1973இல் மூன்றும் ஒன்றாகிச் சிங்கப்பூர் பேருந்துச் சேவை உருவாயிற்று.

அண்மைக்கால நிகழ்வுகள்

2012 நவம்பரில் எஸ்எம்ஆர்டி நிறுவனத்தின் சீன நாட்டுப் பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர், ஊதிய வேறுபாட்டையும் தங்குமிடக் குறைகளையும் சுட்டி வேலைக்குச் செல்ல மறுத்தனர். 1986க்குப் பின் சிங்கப்பூரில் நிகழ்ந்த முதல் வேலைநிறுத்தம் அதுவே. ஐவர் சிறைத்தண்டனை பெற்றனர். 29 பேர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வழக்குத் தொடரப் பயன்பட்டது 1955இல் பிறந்த அதே தற்காலிக விதிகள் சட்டம். வேலை அனுமதியில் வந்த தொழிலாளிக்கு வேலையிழப்பும் நாட்டைவிட்டு வெளியேறுவதும் ஒன்றே என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

2020 செப்டம்பரில், கொரோனாக் கிருமித்தொற்றால் பயணம் முடங்கிய நிலையில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைப்பதாகவும் அதனால் சுமார் 2,400 பேர் வேலையிழப்பர் என்றும் அறிவித்தது. அது உண்மையான ஆட்குறைப்பு, வேலையே மறைந்துபோயிருந்தது. வெளியேறும் ஊழியருக்கான ஏற்பாடுகள் குறித்து நிறுவனம் சங்கங்களுடன் பேசியது. வேலைநிறுத்தம் ஏதும் நிகழவில்லை. இதற்கிடையே சட்டமும் சிறிது நகர்ந்திருந்தது. 2017 முதல் ஆட்குறைப்பை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. 2019 ஏப்ரல் முதல், தவறான பணிநீக்க முறையீடுகள் அமைச்சரிடமிருந்து வேலைநியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு மாற்றப்பட்டன. நிர்வாகிகள் உள்ளிட்ட எல்லா ஊழியருக்கும் அவ்வாய்ப்பு விரிவடைந்தது.

முடிவுரை

யாருக்கு விடை கூறுவது என்ற வினாவுக்குக் கிடைத்த விடைகள் பணிமனை வாயில், நடுவர், நீதிமன்றம், அமைச்சர், முத்தரப்பு வழிகாட்டி, நடுவர் மன்றம் எனப் படிப்படியாக இடம் மாறியுள்ளன. தனியொருவர் முறையிடும் வழி இன்று 1955ஐவிடப் பன்மடங்கு செம்மையானது. ஆனால், கூட்டமாக நீக்கப்படுவோர் கூட்டமாகப் பேசும் உரிமை 1968இல் வகுத்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அமைதி நிலவுவது உண்மை. அவ்வமைதியில் நல்லுறவின் பங்கு எவ்வளவு, பேச இயலாமையின் பங்கு எவ்வளவு என்பதை ஆய்வாளர் எடைபோட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பணி உண்டு. ஹாக் லீ வரலாற்றை மே 12இல் தொடங்கிக் கற்பித்தால் மாணவர் காண்பது கல்லெறிந்த கூட்டம். ஏப்ரல் 24இல் தொடங்கினால், வேலை நேரப் பட்டியலில் தன் பெயரைத் தேடிய ஒரு நடத்துநரையும், முறையிடச் செல்லும் இடம் அறியாத 229 குடும்பங்களையும் அவர் காண்பார். நால்வரின் மரணம் இரண்டிலும் இடம்பெறும். அம்மரணங்கள் எதனால் நேர்ந்தன, அத்தகையன மீண்டும் நேராதிருக்க எத்தகைய மன்றங்கள் தேவை என்னும் சிந்தனைக்குப் பின்னதே வழிவகுக்கும்.